மாடு வாங்கப் போனவர்

மாடு வாங்கிவரச் சொல்லி அனுப்பிய மனிதர் கைக்கடிகாரத்தோடு வந்து நின்றால் ஒரு பெண்சாதி என்ன செய்வாள்? நான் முதலில் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கயிறு நீளமாக இருந்து மாடு பின்தங்கி வருகிறதோ என்று ஒரு நப்பாசை. மாடும் இல்லை, கயிறும் இல்லை. நாங்கள் குடியிருந்த வரிசைவீட்டு லயத்து வாசலில் நின்றுகொண்டு இடது கையை மட்டும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், சுடுகஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டவர் மாதிரி.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் போகிற ரோட்டுக்கு வெகு மேலே இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். போகிற துரை பங்களாச் சாமான்களையெல்லாம் விற்றுவிட்டுத்தான் போவார். நாற்காலி, கட்டில், பீங்கான், வேட்டை நாய் எல்லாம் விலைக்கு வரும். எங்கள் துரையிடம் ஒரு சீமைப்பசு இருந்தது. அதன்மேல் எனக்கு நெடுநாளாகக் கண். பங்களாவை ஒட்டிய மலையில் கொழுந்தெடுக்கிற நாட்களில் நான் கொழுந்தைப் பார்த்ததைவிட அதன் மடியைப் பார்த்ததுதான் அதிகம். லயத்துப் பெண்களோடு சீட்டுப் பிடித்து, என் முறை வந்ததும் அந்தப் பணத்தை அப்படியே அவர் மடியில் கட்டி அனுப்பினேன். அவர் சில்லறைக் கங்காணி. மலையில் ஒரு கூட்டம் ஆட்களை வேலை வாங்குகிறவருக்கு ஒரு பசுவை ஓட்டிவர முடியாதா என்று நம்பினேன்.

"மாடு எங்கங்க?"

"மாட்ட பெரிய கிளாக்கரையா முந்திக்கிட்டாரு."

"அப்ப காசு?"

அவர் கையை நீட்டினார். மணிக்கட்டில் தோல் வார் போட்ட ஒரு கடிகாரம். வெள்ளை முகம், பொன் நிற விளிம்பு.

"துரையே அவரு கையிலயிருந்து கழட்டினாரு புள்ள. மாட்டு வெலைக்கே தந்தாரு. அவரே எங் கையப் புடிச்சு மாட்டியும் விட்டாரு. துரை எங் கையப் புடிச்சாரு, தெரியுமா?"

இதைச் சொல்லிக்கொண்டே அந்தக் கையை மற்றக் கையால் தடவிக்கொண்டார். இத்தனை காலத்தில் எந்தத் துரையும் எங்களைப் பிரம்பாலன்றித் தொட்டதில்லை. அதை யோசித்தால் எனக்கும் மனசு இளகியிருக்கும். ஆனால் எனக்கு அப்போது மடிதான் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"மாடு பால் குடுக்கும். இது என்ன குடுக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இதுக்குப் புல்லு வெட்ட வேணாமே" என்றார்.

அன்றிலிருந்து அவருக்குப் பால் விடாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான். பால் கேட்டால், "வாச்சக் கறந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். இந்த ஒரு வசனத்தை வருஷக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு அலுத்ததில்லை.

சரி, வாங்கியது வாங்கியாகிவிட்டது, மணியாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் தோட்டத்து நேரம் நாட்டு நேரத்துக்கு அரைமணி முந்தியது. எந்தக் காலத்துத் துரையோ, ஆட்கள் இருட்டோடு இருட்டாக, பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் வந்து நிற்கட்டும் என்று தேயிலை அரைக்கிற ஸ்டோர் மணிக்கூட்டை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தும் முள் திரும்பவில்லை. ஸ்டோரில் சங்கு ஊதினால் விடிந்தது, மறுபடி ஊதினால் சாப்பாடு, இன்னொரு தரம் ஊதினால் வீடு. ஆனால் துரை தன் கைக்கடிகாரத்தை மட்டும் ரேடியோவைக் கேட்டுச் சரியாக வைத்திருந்தார். ஆக, தோட்டத்திலேயே சரியான நேரம் காட்டுகிற ஒரே பொருள் எங்கள் வீட்டில்தான் இருந்தது, அதை நம்பிப் போனால் அரைநாள் பேரை, அதாவது அரைநாள் கூலியை, வெட்டிவிடுவார்கள்.

"முள்ளக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிட்டா என்னங்க?" என்று கேட்டேன்.

"துரை வச்ச முள்ளு. நான் தொடமாட்டேன்."

தொட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஏனென்றால் அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. யாராவது, "கங்காணியாரே, மணி என்ன?" என்று கேட்டால் கையைத் தூக்கிக் கடிகார முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அப்படியே பார்வையை அதற்கு மேலாக ஏற்றி, எதிர்மலையில் வெயில் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "பத்து இருக்கும்" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பனி மூடிய நாட்களில் கேட்டால் கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "நல்லா ஓடிக்கிட்டிருக்கு" என்று பதில் சொல்வார். கேட்டவர்களும் திருப்தியாகப் போவார்கள். மணியா முக்கியம்? ஒரு கங்காணி அதைப் பார்ப்பதைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. வாட்சை விற்ற அன்று பங்களா அப்பு, அதாவது துரையின் சமையற்காரர், இவர் காதில் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வாட்சுக்குச் சாவி கொடுக்க வேண்டாம். கையில் கட்டியிருந்தால் தானே ஓடும், கழற்றி வைத்தால் நின்றுவிடும். அவ்வளவுதான் அப்பு சொன்னது. மிச்சத்தை எங்கள் தோட்டமே கற்பித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அதை அவர் சொன்னால் செல்லாது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டிஸ்பென்சர் ஐயாதான் சொல்ல வேண்டும். அவர் நாக்கைப் பார்க்கமாட்டார், எங்கே வலி என்று கேட்கமாட்டார். ஒரு கையால் நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் உள்ள தன் வாட்சையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கடைசியில் "போய்ப் படு" என்பார், அல்லது "மலைக்குப் போ" என்பார். பிறந்தது முதல் இதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, மனுஷ நாடிக்கும் வாட்சுக்கும் ஏதோ ரகசிய உறவு இருக்கிறது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. எது எதற்குக் கட்டுப்பட்டது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அப்பு சொன்னதைக் கேட்டதும் அதுவும் வெளிச்சமாகிவிட்டது.

"இது எந் நாடியில ஓடுது" என்றார் என் புருஷன். "சாவி வேணாம்னா பின்ன எதுல ஓடும்? ரத்தம் ஓடுதுல்ல, அது இத ஓட்டுது. நான் இருக்கிற வரைக்கும் இது ஓடும்."

நானும் நம்பினேன். நம்பிக்கொண்டே, "அப்ப ராத்திரி குறட்டை விடறதும் அதுக்குத்தானா?" என்றும் கேட்டேன்.

இந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்தியவர் எங்கள் கண்டாக்கையா. அவர் கங்காணிமாருக்கெல்லாம் மேலே இருந்த உத்தியோகத்தர், சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர். கண்டியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போக, வாட்சை இரவல் கேட்டார். கொடுக்க இவருக்கு மனசில்லை, மறுக்கத் தைரியமும் இல்லை. வாங்கிப் போனவர் கல்யாணத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பந்தியில் இடது கையாலேயே சோற்றைப் பரிமாறினாராம். அதை மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் குறையாகச் சொல்வார்கள் என்று கேள்வி. திரும்பி வந்து வாட்சை அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, அலுப்பில் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் நின்றிருக்கிறது.

அன்று காலை மனுஷர் செருப்புக்கூடப் போடாமல் எங்கள் லயத்துக்கு ஓடி வந்தார்.

"கங்காணி இருக்கானா?"

"இருக்காருங்கையா. உள்ள படுத்திருக்காரு."

"உசுரோட இருக்கானான்னு கேக்குறேன்!"

என் புருஷனுக்கு முந்திய நாளிலிருந்து கடைவாய்ப் பல்வலி. கன்னம் தேங்காய் அளவு வீங்கி, சுவரைப் பார்த்து முனகிக்கொண்டு கிடந்தார். கண்டாக்கையா அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். "ஐயோ, நாந்தான் கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வாட்சை அவர் கையில் கட்டினார். கண்டாக்கையா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே வந்துவிட்டாரே என்று இவர் பதறியடித்து எழுந்து, இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் கும்பிட்டார். டிக் டிக்கென்று சத்தம் வந்தது. பல்வலிகூடக் குறைந்துவிட்டது என்று இவரே சொன்னார். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

இரண்டு வருஷம் கழித்து, ஆடி மாத மழையில், இவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. இந்த முறை வேடிக்கை இல்லை. மூச்சு விடும்போது விலா உள்ளே குழிந்தது. டிஸ்பென்சர் ஐயா மழையில் குடை பிடித்து லயத்துக்கே வந்தார். மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாட்சைப் பார்த்தார். மருந்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆடாம அசையாமப் படுக்கணும். கைய காலக்கூட அசைக்கப்படாது. கஞ்சித்தண்ணி மட்டும் விடாமக் குடுங்க" என்று சொல்லிப் போனார்.

வாழ்க்கையில் யார் சொன்னதையும் முழுசாகக் கேட்காத மனிதர் அந்த ஒரு பேச்சை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டார். மரக்கட்டையாகப் படுத்தார். மறுநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள. நின்னுருச்சு."

வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன்.

"செத்தவனுக்கு எதுக்குக் கஞ்சி?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல்லைக் கிட்டிக்கொண்ட வாயை என்னால் திறக்க முடியவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், மாட்டைச் சொல்லிக்கூடத் திட்டினேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மறுபடி வந்து பார்த்த டிஸ்பென்சர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காய்ச்சல் விட்டுட்டாலும் பட்டினி விடாது. இப்படியே கெடந்தா ஆள் தாங்காது" என்றார்.

அதற்குள் செய்தி மலை ஏறி இறங்கிவிட்டது. ஆள் செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லை. வாட்ச் நின்றுவிட்டது என்றுதான் சொன்னார்கள். அது போதுமாயிருந்தது. லயத்துப் பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வாசல் திண்ணை இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்கரப்பத்தனையிலிருந்து அவருடைய அண்ணன் இரண்டு பஸ் மாறி, கக்கத்தில் கோடித்துணியோடு வந்து சேர்ந்தார். உள்ளே வந்து பார்த்தால் தம்பி கண்ணைத் திறந்து, "அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்கிறார். அண்ணன் முகத்தில் சந்தோஷம் வந்தது என்னவோ உண்மைதான். ஆனாலும் கோடித்துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

போதாக்குறைக்குத் தப்படிக்கிறவர்கள் வேறு வந்துவிட்டார்கள். மழை ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துபோயிருந்தது. சூடு காட்டினால்தான் சத்தம் எழும்பும்.

"அக்கா, அடுப்புல கொஞ்சம் காச்சிக்கிறோம்."

"அடுப்புல கஞ்சி கெடக்குப்பா."

"கஞ்சி எறங்குனதும் காச்சிக்கிறோம். அவசரமில்ல."

அவர் குடிக்க வேண்டிய கஞ்சி ஒருபக்கம் கொதிக்க, அவருக்கு அடிக்க வேண்டிய தப்பு மறுபக்கம் காய்ந்தது. சூடு பிடித்ததா என்று ஒருவன் விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. என் புருஷன் கண்ணை மூடிக்கொண்டு, "சுருதி நல்லாருக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர்மேல், தப்பின்மேல், கோடித்துணியின்மேல், கப்பலேறிப் போன அந்தத் துரைமேல். எல்லாவற்றுக்கும் அடியில் பயம். இந்த மனுஷர் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு என் ஏச்சுக்குச் சிரிக்க யார் இருக்கிறார்கள்? வாட்சை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனேன். லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பாய்கிற கான். அதில் வீசிவிட்டு வந்துவிடுவது என்று கையை ஓங்கினேன்.

வீச முடியவில்லை. பாசத்தால் அல்ல. அது ஒரு மாட்டின் விலை. மாட்டைத் தூக்கிக் கானில் எறிய எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? மறுபடி ஓங்கினேன், மறுபடி இறக்கினேன். திட்டிக்கொண்டே எத்தனை தரம் ஓங்கி இறக்கினேனோ தெரியாது. கை ஓய்ந்து நின்றபோது என் உள்ளங்கைக்குள் டிக் டிக்கென்றது.

முதலில் மயிர் கூச்செறிந்தது. அவர் நாடி என் கைக்கு எப்படி வந்தது? பிறகு பக்கத்தில் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்துப் பார்த்தேன். கல்லுக்கு நாடி கிடையாது. அப்போதும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. எடுத்து ஆட்டினேன், ஓடியது. அவ்வளவுதான். தொட்டில் மாதிரி, ஆட்டினால் ஆடும். சாவி கை அசைப்பில் இருந்தது. அசையாமல் படுக்கச் சொல்லி வாட்சை நிறுத்தியது டிஸ்பென்சர் ஐயா. அந்த மழையில் நான் ஒருத்தியாக நின்று சிரித்தேன். அழுததும் உண்டு, மழையில் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

உள்ளே ஓடி அவர் காதில் வாட்சை வைத்தேன். கண் திறந்தது. பிறகு வாய் திறந்தது. அந்த வாய் மூடுவதற்குள் கஞ்சியை ஊற்றினேன். தப்புக்காரர்கள் சட்டியைச் சுரண்டி மிச்சத்தைக் குடித்துவிட்டு, கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் எழுந்து போனார்கள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், நாடியும் இல்லை கீடியும் இல்லை, ஆட்டினால் ஓடுகிற சாமான் என்று சொன்னால், தேறுதலுக்காகப் பொய் சொல்கிறேன் என்பார். வாட்சு சொல்வதை நம்புகிற மனிதருக்கு வாட்சு மூலமாகத்தான் பேச வேண்டும். கொஞ்சம் ஆட்டினால் கொஞ்சம்தான் ஓடும் என்பதையும் பார்த்துவிட்டேன். நாள் முழுக்க ஆட வேண்டும். நாள் முழுக்க ஓயாமல் ஆடுகிற கை இந்த மலைநாட்டில் யாருடையது? கொழுந்தெடுக்கிறவளுடையது.

"மாரியாத்தா கோயில்ல வச்சு எடுக்கச் சொல்லி பூசாரி சொல்லியிருக்காரு" என்றேன் அவரிடம். "காலையில கொண்டுபோய் ஆத்தா காலடியில வைக்கிறேன். பொழுதுக்கும் அங்க இருக்கட்டும். சாயந்தரம் கொண்டாந்து கட்டிவிடுறேன்."

ஆத்தா பெயரைச் சொன்னதும் கையை நீட்டிவிட்டார். காலையில் வாட்சை என் மணிக்கட்டில் கட்டி, மேலே பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போனேன். எங்கள் விரல் எதைத் தொட்டாலும் கொழுந்துக்கறை கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அதனால் கட்டும்போதும் கழற்றும்போதும் முந்தானைத் துணியால்தான் பிடிப்பேன்.

"கையில என்ன கட்டு?" என்றார் கண்டாக்கையா.

"சுளுக்குங்கையா."

சாயங்காலம் கொழுந்து நிறுத்தபோது என் கூடைதான் அந்த மலையிலேயே கனம். கண்டாக்கையா தராசைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "எல்லாருக்கும் சுளுக்குனா நல்லாருக்கும்" என்றார். பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள் கூர்மையான காதுக்காரி. "அக்கா, உங்க கையில ஏதோ வண்டு சொறியிற மாதிரி கேக்குதே" என்றாள். சுளுக்கு உள்ளே இறங்குகிற சத்தம் என்று சொன்னேன். அவள் பயபக்தியோடு தலையாட்டினாள்.

அப்படியே ஆடி கழிந்தது. சாயங்காலம் நான் வந்து வாட்சைக் கட்டிவிட்டால் முதலில் காதில் வைப்பார், பிறகுதான் கஞ்சிக்கு வாய் திறப்பார். கஞ்சி சோறாயிற்று, சோறு ரொட்டியாயிற்று. ஒருநாள் நான் வீடு வரும்போது இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "பால் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "வாச்சக் கறந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பெருமையைத் தாங்க முடியவில்லை. நின்ற நாடியை மாரியாத்தா ஓட்டிக் கொடுத்தாள் என்று நல்லதண்ணி ஊர்வரை கதை பரவியது. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒருக்கா கட்டிப் பாருங்க கங்காணி" என்பார்கள். பிள்ளை பயந்து கையை உதறும், வாட்ச் ஓடும், தாய் சிரித்துக்கொண்டு போவாள். ஒருமுறை, கடல் தாண்டி வந்த வம்சம் என்று எங்களைப் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இவர் கையைப் பார்த்துவிட்டு முதலில் உட்காரச் சொன்னார். பிறகு எந்த நாட்டு ஆள் என்று கேட்டார். இவர் பதில் தேடி வாட்சைப் பார்த்தார். அது பிறந்த ஊரைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருந்தது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எங்களை எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்.

மணி பார்க்காத மனிதர் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அலைகிறார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, அவரே மூன்று வாட்ச் வைத்திருந்தவர், அவரும் கேட்டார். "உங்களுக்கு எதுக்குங்க மூணு?" என்றேன். அவர் துணி மடிக்கப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். சங்கு ஊதினால் இவர் எழும்ப வேண்டும், துரை கத்தினால் ஓட வேண்டும், மழை பெய்தால் நனைய வேண்டும். இந்தப் பூமியில் எல்லாமே இவரை ஆட்டிவைத்தன. தான் உயிரோடு இருப்பதால் ஓடுகிற ஒரு பொருள் தன் கையில் இருக்கட்டும் என்று ஒரு மனுஷர் ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? இதை நான் உணர்ந்த பிறகும் பால் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு டைபாய்டு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நினைவு தப்பிக் கிடந்தேன், நாட்கள் போனதே தெரியாது. பிழைக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பி அக்கரப்பத்தனை அண்ணன்கூட வந்துவிட்டார். அதே கோடித்துணிதானோ என்னவோ.

நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது தோள் வலி. கண்ணைத் திறக்காமலே கவனித்தேன். என் வலது கை மேலே போகிறது, கீழே வருகிறது. மேலே போகிறது, கீழே வருகிறது. யாரோ தண்ணீர் இறைக்கிற மாதிரி. காதருகே டிக் டிக்கென்று ஒரு சத்தம்.

கண் திறந்தேன். என் புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாட்ச் கட்டிய என் கையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆயா என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டாள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க இவருகிட்ட. கைய விடச் சொன்னா கேக்கல. இவருக்குச் சோறுகூட நான்தான் ஊட்டிவிட்டேன். பொம்பளைங்க அழ வந்தா வாச்சக் காட்டி, 'ஓடுதுல்ல, ஓடுறப்ப எதுக்கு அழுகுறீங்க'ன்னு வெரட்டிவிட்டுட்டாரு."

மெதுவாகச் சொன்னேன்.

"கைய விடுங்க. வலிக்குது."

"விட்டா நின்னுரும்."

இனிமேலும் மறைப்பதற்கு எனக்குத் தெம்பில்லை. "இது நாடியில ஓடலங்க. ஆட்டுறதால ஓடுது."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பயிருந்து?"

அவர் ஆட்டுவதை நிறுத்தாமலே, வாட்சின் வாரை விரலால் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில், கொக்கி போடுகிற இடத்தில், கறுப்பாக விரல் ரேகை. கொழுந்துக்கறை.

"ஆடி மாசம் நான் படுத்திருந்தப்பவே பாத்தேன். மாரியாத்தா கொழுந்து கிள்ளுவாளா புள்ள?"

இத்தனை வருஷம் ஊரெல்லாம் நாடி, நாடி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாரியாத்தா கதையைப் பரப்பியதும், பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டதும், எல்லாம் தெரிந்துகொண்டுதான்.

"தெரிஞ்சுமா இப்படி ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இதுல என்ன இருக்கு?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கையை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.

"நீ ஆட்டினப்ப நான் எந்திரிக்கலையா?"